ஈரமா, காற்றா? வாவிக்கரையில் மூச்சுத்திணறலும் நுரையீரல் ஸ்கானும்

மூச்சு முட்டிக்கொண்டு வரும் நோயாளிக்கு முதல் அரை மணித்தியாலத்தில் கொடுக்கும் மருந்து சரியாக அமைய வேண்டும். எது சரியான மருந்து என்று காட்டும் சோதனைகளோ பெரும்பாலும் அந்த அரை மணித்தியாலம் கழிந்த பிறகுதான் கைக்கு வருகின்றன. அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவரை எண்ணிக்கொள்வோம். நெடுநாள் பீடி குடித்தவர், பிரஷரும் சீனியும் உண்டு. விடியப்புறம் மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு "மூச்செடுக்க ஏலாம இரிக்கி" என்கிறார். ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் நெஞ்சின் இரு பக்கமும் ஊதல் கேட்கிறது. பீடி கெடுத்த மூச்சுக்குழாய்கள் சுருங்கியதால் வந்த ஊதலா, இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் தேங்கியதால் வந்த ஊதலா? முன்னதென்றால் சல்பியூட்டமோல் நெபுலைசரும் ஸ்டெரொயிட்டும் கொடுக்க வேண்டும். பின்னதென்றால் புரூசமைட் ஊசி, நைத்திரேற்று, முகமூடி வழியே அழுத்தக் காற்று. மாற்றிக் கொடுத்தால் ஏற்கெனவே ஓடிக் களைத்த இதயத்தை நெபுலைசர் இன்னும் விரட்டும். மூச்சுக்குழாய் சுருங்கி, காய்ச்சலில் நீரும் வற்றிக் கிடப்பவரின் உடம்பில் இருந்த கொஞ்ச நீரையும் புரூசமைட் இறக்கிவிடும்.

இந்தக் கேள்வியைக் குருக்கள்மடத்தில் வைத்துப் பார்ப்போம். அது மட்டக்களப்பு–கல்முனை வீதியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில் உள்ள ஊர். கிழக்கே வங்கக் கடல். மேற்கே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி. அக்கரையில் அம்பிலாந்துறை. இரண்டையும் இணைப்பது, இங்குள்ளவர்கள் 'பாதை' என்று சொல்லும் மிதவைப் படகு. தெற்கே போனால் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை. வடக்கே போனால் ஆரையம்பதி, காத்தான்குடி தாண்டி மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை. கடற்பக்கமான எழுவான்கரையில் இருப்பவருக்கு இவை பெரிய தூரமல்ல. வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் வயற்புறத்தில் இருந்து வருபவருக்கு அது வேறு கணக்கு. 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததும், 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பின்னர் கிழக்குக்கும் வந்ததும் அந்தக் கணக்கை நிறையவே மாற்றின. ஆனாலும் வண்டி வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாது. சிறிய வைத்தியசாலையில் வைத்தே பார்ப்பதா, மட்டக்களப்புக்கு அனுப்புவதா, அனுப்புவதென்றால் வழியில் என்ன ஏற்றுவது என்பதை அங்கு நிற்கும் ஒரு வைத்தியர், சில வேளை தனியாக, தீர்மானிக்க வேண்டும். நுரையீரல் ஸ்கானின் பெறுமதியை நான் அந்த இடத்தில் வைத்தே அளக்கிறேன். படத்தின் அழகுக்காக யாரும் இதைக் கற்க வேண்டியதில்லை. மருந்தும் பயணமும் முடிவாகிற அந்த வேளையில் கட்டிலருகே கிடைக்கிற சாட்சி என்பதற்காகக் கற்க வேண்டும்.

இந்த ஸ்கான் ஒலியலையால் பார்ப்பது; ஒலியலைக்கோ காற்று எதிரி. திசுவிலிருந்து காற்றுக்குள் புக முயலும் ஒலியில் 99 வீதத்துக்கு மேல் அப்படியே திரும்பிவிடும். நுரையீரலோ காற்று நிறைந்த உறுப்பு. ஆகவே ஈரலைப் பார்க்கலாம், பித்தப்பையைப் பார்க்கலாம், கருவிலிருக்கும் குழந்தையைப் பார்க்கலாம், நுரையீரலை மட்டும் பார்க்க முடியாது என்பதே நெடுங்காலம் பாடநூல்களின் நிலை. திரும்பி வருகிற அந்த ஒலியிலேயே சேதி இருக்கிறது என்று கண்டவர்களில் முந்தியவர்கள் மிருக வைத்தியர்கள். நுரையீரலின் உறை மூச்சோடு சறுக்கி அசைவதை 1986இல் ரன்டனென் என்ற மிருக வைத்தியர் குதிரைகளில் விவரித்தார். மனிதரில் அதை வளர்த்தெடுத்தவர் பாரிசுக்கு அருகே அம்புறுவாஸ் பாரே மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்த டானியல் லிக்டென்ஸ்டைன். 1995இல் உறையின் சறுக்கல் பற்றியும், 1997இல் நீர் தேங்கிய நுரையீரலில் எழும் நிலைக்குத்துக் கோடுகள் பற்றியும் அவர் எழுதினார். ஸ்டெதஸ்கோப்பை லெனெக் 1816இல் கண்டுபிடித்ததும் பாரிசில்தான். ஒலியலைக் கருவிக்கு அடிப்படையான படிக மின்விளைவைக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டதும் அங்கேதான். நெஞ்சின் ஒலியோடு அந்த நகரத்துக்கு என்னவோ பழைய பந்தம்.

ஸ்கான் செய்வதைக் கொஞ்சம் கிட்டவிருந்து பார்ப்போம். மூச்சு முட்டுபவரைப் படுக்க வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அவர் இரு கைகளையும் கட்டில் விளிம்பில் ஊன்றி முன்குனிந்து இருக்கிறார். ஒக்சிசன் மாஸ்க் முகத்தில். வைத்தியர் காரை எலும்புக்குச் சற்றுக் கீழே ஜெல் தடவி, ஒலியலை அனுப்பும் புரோப்பை நெடுக்குவாட்டில், இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே வருமாறு வைக்கிறார். திரையின் மேற்பகுதியில் எலும்புகள் இரண்டும் இரு கரிய நிழல்களாக விழுகின்றன. அவற்றுக்கு நடுவே, எலும்பின் மேல்விளிம்பிலிருந்து ஏறத்தாழ அரை சென்ரிமீற்றர் ஆழத்தில், பளிச்சென்று ஒரு கிடைக்கோடு. அதுதான் நுரையீரலின் உறை. பழகியவர் கண் அந்தக் கோட்டை விட்டு அசையாது. மூச்சு ஒவ்வொன்றோடும் கோடு இடமும் வலமுமாக மினுங்கிச் சறுக்கினால், உறையின் இரு படைகளும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு இருக்கின்றன. அந்த இடத்தில் உறைகளுக்கு நடுவே காற்றுப் புகுந்து நுரையீரலை உள்ளே தள்ளவில்லை என்று அந்தக் கணத்திலேயே சொல்லிவிடலாம்.

இனிக் கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நுரையீரல் உலர்ந்திருந்தால், ஒலி உறைக்கும் புரோப்புக்கும் நடுவே போய்ப் போய் மோதித் திரும்பும். உறை தோலிலிருந்து 2 சென்ரிமீற்றரில் இருந்தால் 4இலும் 6இலும் அதே கோடு மங்கலாகத் திரும்பத் தோன்றும். இவை ஏ கோடுகள். நுரையீரலில் உள்ள எதையும் இவை காட்டுவதில்லை, கீழே காற்றுத்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்கின்றன. சிற்றறைகளைச் சுற்றிய இழைகளில் நீர் ஊறி, காற்றும் நீரும் கலந்துவிட்டால் காட்சி தலைகீழாக மாறும். உறையிலிருந்து புறப்பட்டுத் திரையின் அடிவரை மங்காமல் இறங்கும் வெண்கதிர்கள் எழும். போகிற வழியில் ஏ கோடுகளை அழித்துக்கொண்டு, உறையோடு சேர்ந்து அசையும். இவை பி கோடுகள். விலா இடைவெளி ஒன்றில் மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த இடம் ஈரம் என்று கொள்ளலாம். நெஞ்சின் இரு பக்கமும், பக்கத்துக்கு இரண்டு இடங்களிலாவது அப்படி இருந்தால் நீர் தேக்கம் என்று எடுக்கலாம் என 2012இல் வெளியான சர்வதேசப் பரிந்துரை வரையறுத்தது. நெஞ்சின் அடிப்பகுதியில் கரிய பட்டையாகத் தெரிவது உறைகளுக்கு நடுவே தேங்கிய நீர். நுரையீரலின் ஒரு துண்டு ஈரலைப் போலத் திட்டாகத் தெரிந்து, அதற்குள் வெண்பொட்டுகள் மூச்சோடு நகர்ந்தால் பெரும்பாலும் நியூமோனியா.

நம் பீடிக்காரருக்குத் திரும்புவோம். இரு பக்கமும் ஏ கோடுகள், உறை நன்றாகச் சறுக்குகிறது என்றால் நெபுலைசர் பக்கமே நிறை சாய்கிறது. இரு பக்கமும் பி கோடுகள் நெருக்கமாக, சீராக, மெல்லிய உறையிலிருந்து இறங்கினால் ஊதல் சத்தம் கேட்டாலும் இதயத்தையே பார்க்க வேண்டும்.

2008இல் லிக்டென்ஸ்டைனும் மெசியேரும் வெளியிட்ட 'புளூ' நடைமுறை இந்தக் காட்சிகளைக் கால் நாளத்தில் இரத்தக்கட்டி உண்டா என்ற சோதனையோடு சேர்த்து ஒரு வழிமரமாக்கியது. தீவிர சிகிச்சைக்கு வந்த 260 பேரில் 90.5 வீதத்தினருக்கு அது சரியான காரணத்தைக் காட்டியது. எடுத்த நேரம் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. எண் கவர்கிறது. ஆனால் சேர்த்தவர்கள் 301 பேர். ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் உள்ளவர்கள், கடைசிவரை காரணம் துலங்காதவர்கள், அரிய நோயுள்ளவர்கள் என 41 பேர் கணக்கில் இல்லை. நம் விடுதிகளில் படுத்திருக்கும் வயோதிபரோ இதயமும் பலவீனமாகி, மூச்சுக்குழாயும் கெட்டு, அதன்மேல் ஒரு கிருமித் தொற்றோடும் வருபவர். அந்த 41 பேர்தான் நமக்கு அன்றாடம்.

ஆகவே எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது இத்தாலியின் ஏழு அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு. 1,005 நோயாளிகள். வைத்தியர் முதலில் வழக்கம்போல் விசாரித்து, தொட்டுப் பார்த்து, ஈ.சி.ஜி பார்த்து ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். பிறகு ஸ்கான் செய்து மறுபடி சொல்ல வேண்டும். இதயச் செயலிழப்பைக் கண்டுபிடிக்கும் திறன் 85.3 வீதத்திலிருந்து 97 வீதமானது. இல்லாதவரை இல்லை என்று சொல்லும் திறன் 90இலிருந்து 97.4 ஆனது. எக்ஸ்றே மட்டும் கண்டது 69.5 வீதத்தினரை. அங்கு ஸ்கான் வைத்தியரின் கைக்கும் காதுக்கும் பதிலாக வரவில்லை. அவற்றின் முடிவோடு சேர்ந்து நின்றது. ஸ்கானை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு அந்த ஆய்வின் அமைப்பே வழிகாட்டி.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். டென்மார்க்கின் ஓடென்சவில் 320 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. நான்கு மணித்தியாலத்துக்குள் சரியான நோயறிதல் ஸ்கான் செய்த பிரிவில் 88 வீதம், செய்யாத பிரிவில் 63.7 வீதம். ஆனால் உயிர் தப்பியோர் தொகையிலோ வைத்தியசாலையில் தங்கிய நாள்களிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதைக் காட்டி, 'அப்படியானால் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. ஓடென்சவில் முதல் கணிப்பு தவறவிட்டதைச் சீ.ரி விரைவில் பிடித்துவிடும். அந்த வலை இல்லாத இடத்தில் முதல் கணிப்பின் நிறை வேறு. இது என் வாதமே தவிர, அளந்து நிறுவப்பட்ட முடிவல்ல.

கிழக்கிலங்கையில் இந்தக் கருவி ஏற்கெனவே ஒரு வாசலால் வந்துவிட்டது: டெங்கு. 2017இல் இலங்கையில் 1,86,101 டெங்கு நோயாளிகள் பதிவானார்கள். இரத்தக்குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குகிற அந்தச் சில மணித்தியாலங்களைப் பிடிப்பதே டெங்குச் சிகிச்சையின் உயிர்நாடி. நெஞ்சின் வலப்புறத்தில் நீர் சேர்கிறதா, பித்தப்பையைச் சுற்றி வீங்குகிறதா என்று ஸ்கானில் பார்ப்பது நாட்டின் டெங்குச் சிகிச்சை முறையில் இடம்பெற்ற விடயம். அங்கு புரோப்பை வலது விலாவடியில் வைக்கப் பழகிய வைத்தியர், அதை ஒரு சாண் மேலே நகர்த்தினால் நுரையீரல் ஸ்கான். புதிதாக எதையும் இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. இருக்கிற பழக்கத்தை ஒரு சாண் நீட்டச் சொல்கிறோம்.

கீழேயும் நகர்த்தலாம். எனக்கு இந்த ஊருக்கென்றே மிக முக்கியமாகப் படுவது அதுதான். மாரி மழையில் வாவியோரம் தண்ணீர் ஏறி, பெரும்போக வயல்களில் ஆட்கள் சேற்றில் நிற்கிற மாதங்களில் மீலியோயிடோசிஸ் என்ற தொற்று வருகிறது. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பேர்க்கோல்டேரியா சூடோமல்லேய் என்ற பற்றீரியா அதற்குக் காரணம். காலிலுள்ள கீறல் வழியாகவோ மூச்சு வழியாகவோ புகும். சலரோகம் உள்ளவரை அது குறிவைத்துத் தாக்கும். இலங்கையில் இது முதன்முதல் 1927இல் ஒரு ஐரோப்பியத் தேயிலைத் தரகரில் பதிவானது. பிறகு நெடுங்காலம் பேச்சே இல்லை. 2000களின் பிற்பாதியில் தேடிப் பார்க்கத் தொடங்கியபோதுதான் அது இங்கேயே இருந்திருக்கிறது என்று தெரிந்தது. கிழக்கிலங்கையில் ஒரு கடும் மழைக்குப் பின் இரத்தப் பரிசோதனையில் உறுதியான பத்துப் பேர் ஒரே தொகுதியாக வந்ததும், அவர்களிடமிருந்து பிரித்தெடுத்த கிருமிகள் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவையாக இல்லாததும் ஆய்வில் பதிவாகியிருக்கின்றன. ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவவில்லை. மழை மண்ணைக் கிளறி, அதில் இருந்த பல வகைக் கிருமிகளையும் ஒரே நேரத்தில் ஆட்களிடம் சேர்த்திருக்கிறது.

இந்நோய் பெரும்பாலும் நியூமோனியாவாகத் தோன்றும். வழக்கமாக நியூமோனியாவுக்கு ஏற்றும் அன்ரிபயோட்டிக்குகள் இதற்குப் போதாது; செப்ராசிடிம் அல்லது மெரோபெனெம் வேண்டும். தாய்லாந்தின் உபோனில் 1989இல் வெளியான ஆய்வு செப்ராசிடிம் கொடுத்ததால் கடும் மீலியோயிடோசிஸ் இறப்பு 74 வீதத்திலிருந்து 37 வீதமாக, பாதியாக, இறங்கியதைக் காட்டியது. இரத்தக் கல்ச்சர் பதில் வர நாள்கள் ஆகும். அதே உபோனில் பின்னர் நோயாளிகளின் வயிற்றை முறையாக ஸ்கான் செய்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஈரலிலோ மண்ணீரலிலோ வேறு வயிற்றுறுப்பிலோ சீழ்க்கட்டிகள் இருந்தன. ஆகவே கார்த்திகை, மார்கழியில் சலரோகமுள்ள வயற்காரர் ஒருவர் காய்ச்சலும் மூச்சு முட்டுமாக வந்து, நுரையீரலில் திட்டுத் தெரிந்தால், புரோப்பைத் துடைத்துவிட்டு எழும்பிவிடக் கூடாது. இடது விலாவடிக்குப் போய் மண்ணீரலைப் பார்க்க வேண்டும். அங்கே சிறு சிறு கரிய வட்டங்கள் பல தெரிந்தால், கல்ச்சர் வரும்வரை காத்திராமல் மருந்தை மாற்ற அது போதுமான காரணம். பாரிசில் எழுதிய எந்த வழிமரத்திலும் இந்தக் கிளை இல்லை. அதை இங்குள்ளவர்கள்தான் வரைய வேண்டும்.

ஒரு பக்கக் குறிப்பு. இதே பேர்க்கோல்டேரியா குடும்பத்தைச் சேர்ந்த வேறு பற்றீரியாக்கள் ஸ்கான் ஜெல்லிலேயே வளர்ந்து நோய் பரப்பியதாக அமெரிக்காவில் 2021இல் எச்சரிக்கை வந்தது. பெரிய கலனிலிருந்து சிறு போத்தலுக்கு ஜெல்லை ஊற்றி ஊற்றிப் பாவிக்கிற பழக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இதை நினைவில் வைப்பது நல்லது.

நுரையீரல் உலர்ந்து சுத்தமாக இருப்பதும் ஒரு விடைதான். வயற்குடிசையில் நிலத்தில் படுத்தவர் விடியலில் வயிற்று நோவோடு எழும்பி, இமைகள் தொங்கி, மூச்சு மெல்ல மெல்ல அடங்குகிறார். ஸ்கானில் ஏ கோடுகள் மட்டும். உறையின் சறுக்கல் வலுவிழந்து தெரிகிறது. அங்கே குற்றம் நுரையீரலில் இல்லை, தசையில்: கட்டுவிரியன் விஷமாக இருக்கலாம். பூச்சிமருந்து குடித்தவரின் நிலை இதற்கு நேர்மாறு. ஓகனோபொஸ்பேற்று மருந்துகள் மூச்சுக்குழாய்களில் நீரைச் சுரக்க வைக்கும். அற்றோப்பினை ஏற்றிக்கொண்டு நெஞ்சு உலர்கிறதா என்று ஸ்டெதஸ்கோப்பால் கேட்பதுதான் வழக்கம். அந்த உலர்தலை ஸ்கானாலும் தொடர்ந்து பார்க்கலாமா என்பது இந்த மாவட்டத்து ஆய்வாளர் ஒருவர் எடுத்துச் செய்யத் தகுந்த கேள்வி.

ஏமாறும் இடங்களும் உண்டு. பி கோடு நீரை மட்டும் காட்டுவதில்லை; நாட்பட்ட நுரையீரல் தழும்பும், கோவிட்டும், வேறு நியூமோனியாக்களும் அவற்றை எழுப்பும். அப்போது உறை சொரசொரப்பாகவும், கோடுகள் திட்டுத்திட்டாகவும் இருக்கும். அந்த வேறுபாட்டைக் காணக் கண் பழக வேண்டும். உறை சறுக்கவில்லை என்றவுடன் ஊசியைக் குத்திக் காற்றை இறக்கப் போவது ஆபத்து. பழைய காசநோயில் உறைகள் ஒட்டிப்போனவரிலும் சறுக்கல் இராது. சறுக்கும் இடமும் சறுக்காத இடமும் சந்திக்கும் புள்ளி கண்ணில் பட்டால்தான் காற்றுக் கசிவு உறுதி. நடுநெஞ்சில், உறையைத் தொடாமல் ஆழத்தில் இருக்கும் நோய் எதுவும் இதில் தெரியாது. ஏ கோடுகளோடு மூச்சு முட்டுபவருக்கு நுரையீரல் நாடியில் இரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். 'ஸ்கான் சுத்தம்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினால் அது கொல்லும்.

கருவி பற்றி ஒரு வார்த்தை. லிக்டென்ஸ்டைன் தன் வேலையின் பெரும்பகுதியைச் செய்தது 1992ஆம் ஆண்டு மாதிரியான ஹிட்டாச்சி இயந்திரத்தில். டொப்ளர் வசதி இல்லாதது. படத்தை மெருகேற்றும் புதிய கருவிகளின் வடிகட்டிகள் ஏ, பி கோடுகளைத் தேவையற்ற பிழைகள் என்று அழித்துவிடும். அவற்றை நிறுத்திவிட்டே பார்க்க வேண்டும். ஆகவே மகப்பேற்று விடுதியின் மூலையில் கிடக்கும் பழைய ஸ்கான் மெசினே போதும். கைபேசியில் செருகிப் பார்க்கும் பட்டர்ஃபிளை ஐ.கியூ 2018இல் ஏறத்தாழ 2,000 டொலருக்குச் சந்தைக்கு வந்தது. 2022 தொடக்கத்தில் அந்தத் தொகை நான்கு இலட்சம் ரூபாய்; அதே ஆண்டு நடுப்பகுதியில் ஏழு இலட்சத்துக்கு மேல். பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கே திண்டாடிய நாட்டில் வாங்கும் பட்டியலை விட்டு இருக்கிற மெசினை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உருட்டிக் கொண்டுவரும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதைவிடக் கடினமானது ஆள். அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரி ஒரு வகை ஸ்கானுக்கு 25 முதல் 50 வரை மேற்பார்வையோடு செய்து பழகச் சொல்கிறது. நுரையீரல் ஸ்கான் அந்த வகைகளுள் இலகுவானது. ஆனால் பழகிய வைத்தியர் இடமாற்றம் பெற்றோ வெளிநாடு போயோ விடுகிறார். மெசின் மட்டும் மிஞ்சுகிறது. ஒப்பீட்டளவில் நெடுநாள் ஓர் ஊரில் இருப்பவர்கள் தாதியர்தான். பி கோடு உண்டா இல்லையா என்பதை எண்ணிச் சொல்லும் அளவுக்கு அவர்களுக்கும் பயிற்சி கொடுக்கலாம் என்பது என் எண்ணம். வைத்தியர் உலகம் இதை இலகுவில் ஏற்காது.

ஒன்று மட்டும் செலவின்றி நாளையே செய்யலாம். பி கோடுகள் மாறுபவை. இரத்தச் சுத்திகரிப்பு நடக்கும்போதே, நீர் இறங்க இறங்க அவை குறைவதை 2009இல் சிறுநீரக நோயாளிகள் 40 பேரில் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆகவே களுவாஞ்சிகுடியிலிருந்தோ படுவான்கரையின் ஒரு சிறு வைத்தியசாலையிலிருந்தோ நோயாளியை மட்டக்களப்புக்கு அனுப்பும் கடிதத்தில், பிரஷர், ஒக்சிசன் அளவுகளுக்கு அடுத்த வரியில் இதையும் எழுதலாம்: எத்தனை மணிக்குப் பார்த்தது, எந்தப் பக்கத்தில் எந்த விலா இடைவெளியில் எத்தனை பி கோடு, உறை சறுக்கியதா, பார்த்த பின் கொடுத்த மருந்து என்ன. அங்கே பொறுப்பெடுக்கும் வைத்தியர் அதே இடங்களில் புரோப்பை வைத்து எண்ணினால், வண்டியில் ஏற்றிவிட்ட மருந்து வேலை செய்ததா இல்லையா என்று நோயாளி கட்டிலுக்கு மாறுமுன்னரே அவருக்குத் தெரியும்.